பார்த்தவர் பட்டியலில் பிலோமினா அக்கா

அன்ரன்,

நேற்று மத்தியானம் சோற்றில் கையை வைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் நீ சொன்னாய்: "அம்மா, கலியாணத்தை மானிப்பாயிலை, பொம்பிளை ஆக்களின்ரை கோயிலிலையே வைப்பம். இஞ்சை வேண்டாம். இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லவும் தேவையில்லை." பிறகு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "மேற்றிராசனத்திலை கேட்டதுக்கும் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாய். அந்த இடத்தில் நான் உனக்குச் சொல்லவேண்டிய ஒரு விஷயம் இருந்தது. நான் கேட்டதோ, "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்று. நீ வேண்டாமென்று கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாய். பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

ஐந்து கிழமையில் கலியாணம். நீ ஞானஸ்நானம் பெற்ற கோயில், முதல் நன்மை வாங்கிய கோயில், பீடத்தில் நின்று மணி அடித்த கோயில், இன்று உனக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. அறிவித்தல்களைப் போன் மூலம் சனத்துக்குச் சேர்ப்பது, வர முடியாதவர்களுக்குப் பூசையை நேரலையில் காட்டுவது என்று எங்கள் கோயிலில் நீ செய்ததை மற்றப் பங்குகளுக்கும் செய்துகொடு என்று மேற்றிராசனத்தில், ஆயர் இல்லத்தில், உன்னைக் கேட்டார்கள். அதைப் பற்றி நீ எத்தனை பின்னேரம் ஆசையாகக் கதைத்தாய் என்று எனக்குத் தெரியும். அதையும் வேண்டாமென்றுவிட்டாய். பிலோமினா அக்காவின் செத்துப்போன மகனுக்கான ஆண்டுப் பூசை, பெற்ற தாய்க்குத் தெரியாமலே முடிந்துபோனது உன்னுடைய பிழை என்று கோயில் முழுக்கச் சொல்லுகிறது. அது உன்னுடைய பிழை இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும். இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனாலும் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. கோயிலில் எல்லாரும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். உன் அப்பா ஊரெல்லாம் சொல்லுவார்: "உவள் இருக்கிறாளே, பால்காரன் ஒருநாளைக்குத் தண்ணி கலக்காமல் தந்தால், இண்டைக்கு ஏன் கலக்கேல்லை எண்டு சந்தேகப்படுவாள்." சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு இது சும்மா வந்த குணமில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த காலத்தில், எங்களைத் தவறவிட்ட என் அண்ணையை வேறொரு முகாமில் கண்டதாக ஒரு செய்தி வந்தது. என் அம்மா யாரிடமோ கெஞ்சி ஒரு சேட்டு வாங்கித் தோய்த்துக் காயவைத்தா, அண்ணை வந்ததும் மாற்றுவதற்கு. விசாரித்துக்கொண்டு போனால், சொன்னவர் அண்ணையைக் காணவில்லை. அவருக்குச் சொன்னவரும் காணவில்லை. அதற்கு மேல் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அண்ணை வரவேயில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது, "ஆர் கண்டது? நீ கண்டனியோ?" என்பதுதான். இதை நல்ல குணமென்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

உன்னையும் நான் விட்டுவைக்கவில்லை. நீ கட்டப்போகிற மானிப்பாய்ப் பிள்ளையோடு கதைக்கத் தொடங்கிய நாட்களில், நீ குளிக்கப் போன நேரம் பார்த்து உன் போனைத் தூக்கிப் பார்த்தேன். திறக்கத் தெரியவில்லை. திறக்க முடியாததாலேயே சந்தேகம் இன்னும் கூடியது. உன் முகத்தைப் பார்த்தேன், மணத்தைப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புகிறாய் என்று பார்த்தேன். மூன்று மாதம் கழித்து நேரே கேட்டபோது, "ஓம் அம்மா, நீங்கள் எப்ப கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்று சிரித்தாய். மூன்று மாதமும் நான்தான் பச்சைத் தண்ணீர் இறங்காமல் திரிந்தேன்.

பதினெட்டு வருடம் எங்கள் வீதியின் அன்பியத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். அன்பியம் என்றால், பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சனத்தை, வீதி வீதியாகப் பிரித்து, சில குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிற சிறு கூட்டம். பூசை நேரம் மாறினாலும், ஒரு செத்தவீடு என்றாலும், கோயில் வளவு துப்புரவாக்கும் நாளென்றாலும் பங்குக் குருவான சுவாமி எனக்குச் சொல்லுவார், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லுவேன். போகிற இடத்தில் வாய் சொல்லுவது கொஞ்சம், கண் பார்ப்பதுதான் கூட. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, எந்த வீட்டில் மத்தியானமாகியும் அடுப்பு மூட்டவில்லை, எந்தப் பிள்ளையின் கண் வீங்கியிருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். அதைச் சுவாமிக்குச் சொல்லுவேன். உண்மையைச் சொல்லப்போனால் சுவாமிக்கு மட்டும் சொல்லவில்லை. நான் படலையைத் திறந்தால் சனம் கதிரையை இழுத்துப் போடும். அது எனக்கு மெத்தப் பிடித்திருந்தது.

போன வருடம் புதுச் சுவாமி வந்தார். நீ அவரிடம் போய்ச் சொன்னாய்: "சுவாமி, ஒரு அறிவித்தலைச் சொல்ல அம்மா ரெண்டு பின்னேரம் அலையிறா. போனிலை ரெண்டு நிமிசம். அம்மான்ரை முழங்காலும் தப்பும்." நீ அன்பாகத்தான் சொன்னாய். என் காதில் அது, கிழவி இனி வீட்டில் இருக்கட்டும் என்று விழுந்தது. சுவாமி சந்தோசமாகத் தலையாட்டினார். போனில் குழு தொடங்க எல்லார் நம்பரும் வேண்டுமே, அதைச் சேர்த்துத் தரும் வேலையை என்னிடமே தந்தார்கள். என் வேலையைப் பறிக்கிற வேலைக்கு என்னையே அனுப்புகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு கொப்பியும் பேனையுமாகப் புறப்பட்டேன்.

"வீட்டு நம்பரைத் தாங்கோ" என்று கேட்டேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியது. எங்கள் தாய்மாருக்குத் தங்கள் நம்பர் தெரியாது. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற பிள்ளைகளின் நம்பர் மட்டும் செபம் மாதிரி மனப்பாடம். வீடென்றால் அவன்தானே. கூரை போட்டவன் அவன், குடும்பத்துக்குத் தலை அவன். பிலோமினா அக்காவின் கையில் ஒரு சின்னப் பட்டன் போன், கதைக்க மட்டும்தான் உதவும், அதில் குழு வராது. "என்ரை நம்பர் என்னத்துக்குத் தங்கச்சி? பாரிசிலை இருக்கிற சின்னவன்ரையை எழுது. அவனுக்குத் தெரிஞ்சால் எனக்குத் தெரிஞ்ச மாதிரித்தானே" என்றா. நான் எழுதினேன். நம்பருக்கு முன்னால் 'பிலோமினா' என்று மட்டும் எழுதினேன். நீ அதைப் பார்த்து அப்படியே பதிந்தாய். ஒருநாள் நீ கேட்டாய்: "உதென்னம்மா, கன நம்பர் வெளிநாட்டு நம்பராக் கிடக்கு?" நான் சொன்னேன்: "பிள்ளையள் வந்து போகேக்கை விட்டுட்டுப் போன போனாயிருக்கும்." எனக்குத் தெரியும் அது அப்படியில்லை என்று. சொல்லி உன் வேலையை லேசாக்க மனம் வரவில்லை.

பிறகு நான் வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன். வேடிக்கைக்குக் குறைவும் இருக்கவில்லை. செத்தவீட்டு அறிவித்தலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டின ஆட்கள் இருந்தார்கள். செபமாலை நேரத்தைச் சொல்லவேண்டிய குரற்பதிவில் ஒரு மாமி, தன் மருமகளுக்குக் கறிக்கு உப்புப் போடத் தெரியாது என்பதை முழுப் பங்குக்கும் அறிவித்தா. முழுப் பங்கு என்றால் லண்டன், ரொறன்ரோ எல்லாம் சேர்த்து. நீ பூசையைக் காட்டக் கமராவை வலப்பக்கத் தூணில் பூட்டினாய், அடுத்த ஞாயிறே வலப்பக்க வாங்குகள் நிரம்பி வழிந்தன, இடப்பக்கம் ஈயாடியது. வெளிநாட்டு மச்சாள் பார்ப்பா என்று அலுமாரியின் அடியில் கிடந்த பட்டுச்சேலைகள் எல்லாம் எழும்பி வந்தன. நானும் ஒருநாள் அந்தப் பக்கம் போய் இருந்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வேறொன்றையும் கண்டேன். இரண்டு வருடமாகக் கட்டிலை விட்டு எழும்பாத ஒரு கிழவர், மருமகள் பிடித்திருந்த போனுக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பி, சுவாமி அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் பொலபொலவென்று கண்ணீர் விட்டார். அந்த நல்லதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உப்புக் கதையை எத்தனை வீட்டில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

உன் போனில் 'பார்த்தவர் பட்டியல்' என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் எனக்குத் தீராத சந்தேகம். அறிவித்தல் போட்டுச் சில மணித்தியாலத்தில் யார் யார் பார்த்தார்கள் என்று பெயர் பெயராக விழும். நீ அதை எனக்குக் காட்டிக் குழந்தை மாதிரிச் சந்தோசப்படுவாய். நான் மனதுக்குள் கேட்பேன், ஆர் கண்டது? இதில் அரைவாசிப் பெயர் பாரிசிலும் கனடாவிலும் அல்லவோ கண் முழித்துக்கொண்டு இருக்கிறது. அன்றே சொல்லியிருந்தால் நீ அன்றே திருத்தியிருப்பாய். நான் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த மாதிரி வைத்துக்கொண்டேன். ஒருநாள் இது பிழையாகப் போகும், அன்றைக்கு எல்லாரும் என்னைத் தேடி வருவார்கள் என்று காத்திருந்தேன்.

பிலோமினா அக்காவின் மூத்தவன் அமலன் கடற்றொழிலுக்குப் போன ஒரு நாளில் வள்ளம் கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் அவனுக்குக் கல்லறையும் இல்லை. ஆத்துமாக்களின் நாளில் எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி கொளுத்தும்போது, அவ எங்கே போவதென்று தெரியாமல் சிலுவை நாட்டிய குருசடியில் ஒரு திரியை வைத்துவிட்டுத் திரும்பிப் போவா. அவவுக்கு இருக்கிறதெல்லாம் வருடத்தில் ஒரு பூசை. அவன் போன திகதியில், பின்னேரப் பூசையில் அவன் பெயரை வாசிப்பார்கள். வெள்ளைச் சேலையோடு மூன்றாவது வாங்கில் இருப்பா. முடிய, வந்தவர்களுக்கெல்லாம் தின்ன ஆளுக்கொரு பணிஸ் கொடுப்பா.

இந்த முறை அதே பின்னேரம் சுவாமி இன்னொரு சுவாமியின் அடக்கத்துக்குப் போகவேண்டி வந்தது. பூசையைக் காலை ஆறு மணிக்கு மாற்றி, முதல்நாளே உனக்குச் சொன்னார். நீ குழுவில் போட்டாய். பின்னேரம் குசினிக்குள் வந்து, "எல்லாரும் பாத்திட்டினம் அம்மா. பிலோமினா அன்ரியும் பாத்திட்டா" என்றாய். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தது யாரென்று எனக்குத் தெரியும். சின்னவன் ஏதோ சாப்பாட்டுக் கடையின் குசினியில் நின்று, ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கோயிலால் சொல்லியிருப்பார்கள் என்று வைத்திருப்பான். பிறகு விசாரித்ததில் அப்படியேதான் நடந்திருக்கிறது. உனக்கு நான் சொன்ன மறுமொழி, "அப்ப சரிதானே."

விடிய ஆறு மணிப் பூசைக்கு நான் போனேன். சுவாமி பூசைக் கருத்துகளை வாசிக்கத் தொடங்கியதும் திரும்பி மூன்றாவது வாங்கைப் பார்த்தேன். அதில் ஒருவரும் இல்லை. அப்போது என் மனம் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: 'இப்ப தெரியட்டும்.' பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு அப்படி நினைத்தேன். பூசை முடிய நேரே அவவின் வீட்டுக்குப் போயிருந்தால், சுவாமி புறப்படுவதற்குள் அவவைக் கூட்டிவந்து ஒரு செபமாவது சொல்லச் செய்திருக்கலாம். ஐந்து நிமிட நடை. நான் வீட்டுக்கு வந்து பிட்டு அவித்தேன், இரண்டு சட்டை தைத்து முடித்தேன். இப்போது போகலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒவ்வொரு மணிக்கும் நினைத்தேன். ஒவ்வொரு மணிக்கும் போகவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்குப் படலையில் நின்றேன். பிலோமினா அக்கா கோயில் பக்கம் நடந்து வந்தா, வெள்ளைச் சேலை, ஒரு கையில் மெழுகுதிரி, மற்றக் கையில் பணிஸ் பை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "என்ன தங்கச்சி, இன்னும் வெளிக்கிடேல்லையோ? வாறியோ?" என்றா. இனி நான் சொல்லப்போவதை அன்றைக்குப் பங்கில் ஒருவரும் அறியவில்லை, நீ இன்னும் அறியமாட்டாய். நான் சொன்னேன்: "நீங்கள் போங்கோ அக்கா, நான் பின்னாலை வாறன்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பூட்டின கோயில் வாசலில் அவ பொழுதுபடும்வரை நின்றிருக்கிறா. மற்றவர்கள் பிந்தி வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறா. ஏனென்றால் நான் வருவதாகச் சொல்லியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து அது உனக்குத் தெரியாது. பங்குச்சபைச் செயலாளர் எழும்பி, "போன் விளையாட்டு விளையாடி ஒரு தாயின்ரை கண்ணீரை வாங்கிப்போட்டாய்" என்று கத்தினார். நீ, "அவ பாத்ததா விழுந்திருக்கு ஐயா" என்று போனைக் காட்டினாய். "அப்ப அந்த மனுசி பொய் சொல்லுதோ?" என்று நாலு பக்கத்தாலும் பாய்ந்தார்கள். நீ நம்பரை வடிவாகப் பார்த்தாய், உன் முகம் மாறியது, நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கொப்பியில் இருந்தது என் எழுத்து என்று உனக்குத் தெரியும். அம்மா எழுதித் தந்ததென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ தலையைக் குனிந்து, "என்ரை பிழைதான். நான் பாத்திருக்கவேணும்" என்றாய். முழங்கால் நோகிற தாய் தெரியாமல் விட்ட பிழை என்று நினைத்து என்னை மூடி மறைத்தாய், மோனை. நான் முகம் துடைக்கிற கைலேஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாமி குழுவைப் பூட்டி வைக்கச் சொன்னார். வெளியே வர நாலைந்து பெண்கள் என் கையைப் பிடித்தார்கள்: "உங்களை மாதிரி ஒராள் வீடு வீடாப் போயிருந்தால் உப்பிடி நடந்திருக்குமோ?" நான் இவ்வளவு காலமும் காத்திருந்தது அந்தச் சொல்லுக்குத்தான். கேட்டதும் கையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், படலையில் சொன்ன பொய்யையும் சொன்னேன். சுவாமி, "மகனுக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டார். "இல்லை சுவாமி." அபராதமாகச் செபம் சொல்லச் சொல்லி, மகனிடமும் அந்தத் தாயிடமும் போகச் சொன்னார். செபத்தை அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டேன். மற்றதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமை போனபிறகுதான் என் கெட்டித்தனம் எனக்கே விளங்கியது. ஊரில் எத்தனையோ காது இருக்க, கேட்டதை வெளியில் சொல்லவே கூடாத ஒரு காதைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். சுவாமி உன்னைக் காணும்போதெல்லாம் உனக்காக ஒரு வார்த்தை கதைக்க முடியாமல் தவித்திருப்பார், பாவம். இப்போது எழுதும் இதையும், நல்லவள் என்று பெயர் எடுக்கத்தான் எழுதுகிறேனோ என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மேற்றிராசனத்து வேலையை விடாதே. நான் பகிடி பண்ணின பொருளைப் பற்றி நானே புத்தி சொல்லுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும், சிரித்துக்கொண்டே கேள். இனி எந்தப் பங்கிலும் வீட்டு நம்பர் என்று கேட்காதே. இந்தப் போன் ஆரின்ரை கையிலை கிடக்கு என்று கேள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வேறொரு குழு வை, அவர்களுக்கும் கோயில் வேண்டும்தான், ஆனால் அவர்கள் பார்த்ததை இங்கே வாசலில் நிற்கிறவரின் கணக்கில் வைக்காதே. நேரம் மாறினால், பார்த்தார்களா என்று தேடாமல், அறிந்தோம் என்று ஒரு சொல் திருப்பிச் சொல்லச் சொல். பின்னேரத்துக்குள் சொல்லாத வீட்டுக்கு ஒராள் நடக்கவேண்டும். யாருடைய பெயருக்குப் பூசையோ அந்த வீட்டுக்கு எப்படியும் ஒராள் நடக்கவேண்டும், அதில் போனுக்கு வேலையே இல்லை. காலை வணக்கப் பூப்படங்களைக் குழுவுக்குள் விடாதே, அதற்குள் உண்மையான அறிவித்தல் அமிழ்ந்துபோகிறது. நோயாளிகளின் பெயரை எல்லாருக்கும் போடாதே, சில பேருக்குத் தங்கள் வருத்தத்தை ஒளித்து வைக்கிற உரிமை இருக்கிறது. என்னை மாதிரி ஒரு சந்தேகக்காரியை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள், ஆனால் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லுகிறவளாகப் பார்த்து வை. உன் போன் தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் காட்டியது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான்தான்.

மருமகளாக வரப்போகிற பிள்ளையோடும் இப்படியே இரு. மனதில் ஒன்று குத்தினால் அன்றைக்கே கேள். அவள் பிழை விடட்டும் பார்ப்போம் என்று ஒருநாளும் காத்திருக்காதே. அப்படிக் காத்திருந்து ஒருநாள் வென்றால், அந்த வெற்றியோடு வீட்டில் இருக்கவே முடியாது. எனக்கு இப்போது அது தெரியும்.

நேற்று நீ கையைக் கழுவிக்கொண்டு போன பிறகு, பின்னேரமே பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் மீன் அரிந்துகொண்டிருந்தா. கதிரையை இழுத்துப் போட்டா. நான் இருக்கவில்லை. நின்றபடியே நம்பர் எழுதினது தொடங்கிப் படலையில் சொன்னது வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவ கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினா, ஆறுதலாக, விரல் விரலாகக் கழுவினா. ஏசுவா, நல்லாக ஏசட்டும் என்று நின்றேன்.

"அப்ப நீ அண்டைக்குக் காலமைப் பூசைக்குப் போனனி?" என்று கேட்டா.

"ஓமக்கா."

"அவன்ரை பேரை முழுசா வாசிச்சவரோ? போன முறை அமலன் எண்டு மட்டும் வாசிச்சுப்போட்டார். அமலதாஸ் எண்டு வாசிச்சால்தான் எனக்கு அவனைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்."

பதினெட்டு வருடம் ஊருக்கே செய்தி சொன்ன வாயால், "தெரியாதக்கா" என்றேன். "நான் அந்த நேரம் உங்கடை வாங்கைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவ அழவில்லை. மீன் சட்டியை மூடி வைத்தா. பிறகு சொன்னா: "சுவாமியிட்டைச் சொல்லித் திருப்பி ஒருக்கா பூசை வை. அன்ரனை அந்தக் கமராவைப் போடச் சொல்லு. சின்னவன் பாத்தும் சொல்லாமல் விட்டிட்டன் எண்டு அங்கை சாப்பிடாமல் கிடக்கிறான். அவனும் இருந்து கேக்கட்டும்."

"அன்ரன் இனிக் கோயிலுக்கு வரமாட்டானாம் அக்கா."

"நான் கூப்பிட்டனான் எண்டு சொல்லு. வந்திட்டுப் போய்ப் பிறகு கோவிக்கட்டும்."

இன்று காலை சுவாமியைக் கண்டேன். வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்குப் பூசை, பெயர் முழுதாக வாசிக்கப்படும், குழுவையும் திறக்கச் சொல்லிவிட்டார். நான் இதுவரை ஏழு வீட்டுக்குப் போய் நேரத்தைச் சொன்னேன், சொன்ன கையோடு நான் செய்ததையும் சொன்னேன். ஒரு வீட்டில் தேத்தண்ணீர் தந்தார்கள். ஒரு வீட்டில் என்னை நிற்கவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள், அதுவும் சரிதான். மற்றவர்களுக்கு இந்தத் தாள்களைப் படமெடுத்து நீ குழுவில் போடு, ஒரு வரியும் வெட்டாமல் போடு. செயலாளர் முதல் வாசிக்கட்டும். உன்னைக் கோயிலுக்கு வா என்று நான் கூப்பிடமாட்டேன், அந்த வாய் எனக்கு இல்லை. கூப்பிட்டது பிலோமினா அக்கா. வெள்ளைச் சேலையைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறா. நாளைக்கு விடிய நான் அவவின் வீட்டுக்குப் போகவேண்டும், போய் நீ வருவாய் என்றோ மாட்டாய் என்றோ, என்ன சொல்ல, மோனை?

அம்மா